பெட்டியில் போட்ட இலக்கம்

எங்கள் குறுகிய ஒழுங்கையில் யாராவது ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வந்தால், வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முதல் கிளாக்கர் ஐயா வீட்டு வாசல் படலையில் ஒருமுறை இறக்கிவைக்க வேண்டும். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. இறக்காமல் போனவர்கள் பிறகு பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர்கள் பழகிக்கொண்டது. அவர் வெளியே வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எங்கே செய்தது, எத்தனை வோல்ட், எத்தனை கிலோ, எதையும் விடாமல் வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு, "இது பெட்டி சொல்லுறது. இனி நாங்கள் பாப்பம்" என்பார்.

அந்த "இனி நாங்கள் பாப்பம்" என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்னுடைய ஏழு சனிக்கிழமைகள் அதிலேதான் போயின.

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது அவர் வவுனியாவில் மகளோடு இருக்கிறார். இதை யாராவது வாசித்துக் காட்டினால் அன்றைக்கே போன் எடுத்து, "ஏழு எண்டு எழுதியிருக்கிறீங்களாம். வடிவா எண்ணிப் பாத்தனீங்களோ பிள்ளை?" என்று கேட்பார். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சாமானை எண்ணுகிற கிளாக்கர். கப்பல்காரன் கொண்டுவரும் தாளில் இத்தனை மூட்டை, இத்தனை பெட்டி என்று போட்டிருக்கும். இவர் கீழே நின்று, இறங்க இறங்கக் கொப்பியில் கோடு போடுவார். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவது குறுக்கே. தாளும் கோடும் ஒத்துப்போன ஒரு கப்பலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்பார். "தாள் ஆயிரம் மூட்டை எண்டு சொல்லும். எண்ணினால் தொளாயிரத்துச் சொச்சம். தாளை நம்பிக் கையெழுத்து வைச்சால் மிச்ச மூட்டைக்கு ஆர் பதில் சொல்லுறது?" ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகியும் மனுசன் அந்தக் கப்பலடியை விட்டு வரவில்லை.

எந்த இலக்கத்தைச் சொன்னாலும் அவர் அதை அப்படியே எடுப்பதில்லை. நல்லதைச் சொல்லும் இலக்கம் என்றால் பாதியாக்குவார். நாள், நேரம் என்றால் இரண்டு மடங்காக்குவார். மேசன் நாலு நாள் என்றால் எட்டு நாளுக்குச் சாப்பாடு யோசிப்பார். பஸ் அரை மணித்தியாலத்தில் வரும் என்றால் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்காரர் மரியாதைக்காக, "ஐயாவைப் பாத்தால் அறுபது எண்டுதான் மதிக்கலாம்" என்றார். "அறுபத்தாறு எண்டு வையுங்கோ" என்றார் ஐயா, சிரிக்காமலே.

ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி வாங்கிய முன்வீட்டுக்காரர் ஒரு பகல் முழுக்க வாளியால் அள்ளி ஊற்றியதை ஒழுங்கையே பார்த்தது. ஐயா கதிரை போட்டு உட்கார்ந்து கோடு போட்டார். எண்ணூற்றறுபதில் தாங்கி வழிந்தது. விற்றவன் வந்து வேறு தாங்கி வைத்துவிட்டுப் போனான்.

என் மகளின் பதிவுத் திருமணத்துக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்று அழைப்பு அடித்திருந்தோம். ஐயா மூன்றரை மணிக்கு வேட்டி சால்வையோடு வந்து நிற்கிறார். படம் எடுக்கிறவர்கள் போய்விட்டார்கள், பந்தி முடிந்துவிட்டது, நாங்கள் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறோம். "என்ன, அதுக்கிடையிலை முடிச்சிட்டீங்களோ?" என்று எங்களைத்தான் பிழை சொன்னார்.

பிறகேன் இந்த மனுசனிடம் போனீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எனக்குப் பிரஷர் குளிசை வாங்கிக்கொண்டு வந்த ஒரு நாள், வழியில் கண்ட ஐயா வழக்கம்போலக் கையிலிருந்து வாங்கி வாசித்தார். காலாவதித் திகதியை நகத்தால் சுரண்டினார். ஒட்டியிருந்த தாளுக்குக் கீழே வேறொரு திகதி, முடிந்து எத்தனையோ மாதம். "இதைப் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான்" என்று திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. இந்தப் புரொஜெக்டர் வரும்வரை.

மகள் தர்ஷினி எங்களுக்கு ஒரே பிள்ளை. மருமகன் கனடாவில். விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. டிக்கெட் போட்ட அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "அம்மா, நான் போக முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூண்டு பேரும் சேந்து ஒரு படம் பாப்பம். போனிலை இல்லை. சுவரிலை, பெரிசா."

சின்ன வயதில் அப்படிப் பார்த்தவள்தான். சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சிக்கு முன்னால் பாயைப் போட்டு, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருப்பாள். அந்தப் பெட்டி கடற்காற்றில் துருவேறிச் செத்த பிறகு நாங்கள் வேறொன்று வாங்கவில்லை. ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. அவள் அறையில், வீட்டுக்காரர் விறாந்தையில், நான் குசினியில். ஒரே வீட்டில் மூன்று படம் ஓடும். பெரிய தொலைக்காட்சியின் விலை கேட்டால் தலை சுற்றும். புரொஜெக்டர் என்றால் என் சீட்டுக் காசுக்குள் அடங்கும் என்று தபால் கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். கலண்டரை எடுத்து எண்ணினேன். பத்துச் சனிக்கிழமை.

திங்கட்கிழமையே கடைக்குப் போயிருப்பேன். வீட்டுக்காரர்தான் தடுத்தார். "இஞ்சரும், அவசரப்படாதையும். கிளாக்கர் ஐயாவை ஒருக்கால் கேப்பம்." ஓம் என்று வாயைத் திறந்து சொன்னது நான். அதற்கு இவரைக் குறை சொல்ல ஏலாது.

எங்கள் படலையில் நின்று ஐயாவிடம் தெளிவாகச் சொன்னேன். "ஐயா, மகள் போக இன்னும் பத்துச் சனிக்கிழமைதான் இருக்கு. அதுக்குள்ளை நாங்கள் படம் பாக்கவேணும்."

"பத்தோ?" என்றார். தலையை ஆட்டினார். "சரி, பாப்பம்."

முதலாவது சனிக்கிழமை விசாரிப்பில் போயிற்று. எங்கள் ஹோலின் நீளம் அகலத்தை நாடாவால் அளந்தார். சுவரில் எங்கே துணி கட்டுவது, கதிரை எங்கே, மின்விசிறி எங்கே, யன்னலால் தெருவிளக்கு எவ்வளவு உள்ளே வரும், எல்லாம் கொப்பியில் ஏறியது. எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவு அக்கறையாக யார் செய்வார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை மத்திய வீதிக் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கடைக்காரர் மற்றவர்களிடம் காசை வாங்கிக்கொண்டுதான் சாமானைத் தொடவே விடுவார். ஐயாவுக்கு மட்டும் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று கொடுத்துவிடுவார். கொடுக்காவிட்டால் இவர் கடை வாசலில் நின்று மற்றப் பெட்டிகளை உரத்து வாசிக்கத் தொடங்கிவிடுவாரே. பெட்டியில் ஒன்பதாயிரம் லூமன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைப் பெட்சீற்றைச் சுவரில் இழுத்துக் கட்டினோம். தர்ஷினி கடலை வறுத்துக்கொண்டு வந்து பாயில் இருந்தாள். நான் விளக்கை அணைக்கப் போனேன்.

"பொறுங்கோ பிள்ளை. வடை சுத்தின தாள் ஏதும் கிடக்கோ?"

கிடந்தது. எண்ணெய் ஊறிய தாளை ஒரு சட்டத்தில் ஒட்டினார். ஒரு பக்கம் புரொஜெக்டரின் வெளிச்சம் விழ வேண்டும், மறுபக்கம் எங்கள் குசினி மின்குமிழின் வெளிச்சம். இரண்டும் ஒரே அளவாக விழும்போது தாளில் எண்ணெய்ப் பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகுமாம். வீட்டுக்காரர் மின்குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னுக்கு, அரை அடி பின்னுக்கு என்று ஹோல் முழுக்க நடந்தார். ஐயா நாடாவைப் பிடித்தார். பொட்டு மறைந்தது, பிறகு தெரிந்தது, பிறகு மறைந்தது. கடலை முடிந்தது. மகள் வாசலில் போய் மருமகனோடு போன் கதைக்கத் தொடங்கினாள்.

"பெட்டி சொல்லுறது ஒன்பதாயிரம்," என்றார் கடைசியாக. "ஒரு சைபரை எடுத்துப்போட்டு மிச்சத்தைப் பாதியாக்குங்கோ. அதுதான் இதின்ர உண்மை."

"பரவாயில்லை ஐயா, படம் தெரியுதுதானே."

"தெரியும். மங்கலாத் தெரியும். காசைக் குடுத்து ஏன் மங்கலாப் பாக்கிறியள்?"

வயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். இவரும் ஓம் ஐயா, ஓம் ஐயா என்று கூடப் போனார். எங்கள் வீட்டு மனுசன் பள்ளிக்கூட வாத்தியார். தம்பலகாமத்தில் நாற்பது பிள்ளைகளைக் கண்ணால் அடக்குகிறவர் இந்த ஒரு ஆளுக்கு முன்னால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. நாலாவதுக்கு இரண்டாவது பெட்டி வந்தது. வெளிச்சம் இதில் பரவாயில்லை, பொட்டுப் பரிசோதனையில் தேறிவிட்டது. நான் முருகா என்று மூச்சு விட்டேன். அதற்குள் ஐயா ஒரு பேப்பர் விளம்பரத்தைப் போனில் படம் பிடித்துச் சுவரில் போட்டார். மிகச் சின்ன எழுத்து. பெரிதாக்கியும் எழுத்து பஞ்சு பஞ்சாக நின்றது.

"ஃபோர்-கே, நல்ல கூர்மை எண்டு போட்டிருக்கு ஐயா," என்றாள் தர்ஷினி.

"அது உள்ளை வாங்குறது பிள்ளை. வெளியிலை விடுறது அதிலை எட்டிலை ஒரு பங்குதான். பாலை வாங்கிப்போட்டுத் தண்ணியை ஊத்துற கதை. கீழே ஓடுற எழுத்து உங்கட அப்பாவுக்கு வாசிக்க ஏலாது."

"இவருக்குத் தமிழ்ப் படத்துக்கு எழுத்து என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டேன். கொஞ்சம் உரத்துத்தான் கேட்டேன். அவர் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டி வெளியே படலையடியில் இருந்தது. அங்கே வைத்தவரும் அவர்தான். எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்கள் பின்னேரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வரும். வாழைப்பழத் தோல், பேப்பர், மட்டை என்று எதையும் விடாது. பெட்டியின் ஒரு பக்கத்தை மூடியோடு சேர்த்துத் தின்றுவிட்டு, ஒரு கிழட்டுக் கலைமான் அமைதியாக மென்றுகொண்டு நின்றது. தொடர் இலக்கம் ஒட்டியிருந்த பக்கம்.

இலக்கம் இல்லாத பெட்டியைச் சாமான் அனுப்புகிற கொழும்புக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதைப் பேசித் தீர்க்க ஒரு கிழமை. ஐந்தாவது சனிக்கிழமை இவரும் ஐயாவும் கடையில் நின்றார்கள். மான் தின்பதற்கு முன்பே ஐயா அந்த இலக்கத்தைத் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம். கடைசியில் அதைக் காட்டித்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ வழக்கில் வென்ற மாதிரி ஒழுங்கையால் நடந்து வருகிறார்கள். எனக்கு விசர் வந்தது. பெட்டியைக் கொடுக்க முடிந்ததற்கா நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம்?

ஆறாவது சனிக்கிழமையைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ரியூசன் வகுப்பை மூடிவிட்டு ஊரை விட்டுப் போகிற ஒரு மாஸ்டர், தன்னுடைய புரொஜெக்டரை எங்கள் கைக்கு எட்டுகிற விலைக்குத் தருவதாகச் சொன்னார். கொண்டுவந்து போட்டோம். ஹோல் விளக்கு எரியும்போதே சுவரில் படம் பளிச்சென்று நின்றது. எழுத்துக் கூர்மை. எண்ணெய்ப் பொட்டு வேலையே இல்லை. தர்ஷினி கைதட்டினாள். நான் கடலையைச் சட்டியில் போட்டேன்.

ஐயா அந்தப் பெட்டியின் பட்டனை அழுத்தி எங்கெங்கோ போய், லாம்பு எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்ற இடத்தைக் கண்டுபிடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"மூண்டு வருஷம் வகுப்பு நடத்தினவர். நானூறோ?" என்றார். "ஆரோ இலக்கத்தைத் திரும்பச் சைபருக்குக் கொண்டுவந்திருக்கினம். உண்மையா நாலாயிரம் இருக்கும். இண்டைக்கோ நாளைக்கோ லாம்பு போயிடும். வேண்டாம்."

"ஐயா, இன்னும் நாலு சனிக்கிழமை எரிஞ்சால் எனக்குக் காணும்!"

"அப்பிடி யோசிக்கப்படாது பிள்ளை. வாங்குற சாமான் வாங்குற சாமான்தான்."

இவர் என் முகத்தையும் பார்த்தார், ஐயாவின் முகத்தையும் பார்த்தார். "அவர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு" என்றார். அடுத்த நாள், ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்த தேவாலயத்து ஆட்கள் அந்த இயந்திரத்தைத் தங்கள் மண்டபத்துக்கு வாங்கிவிட்டார்கள். அது இன்றைக்கும் எரிகிறது. போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்குப் போய் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்ன நிகழ்ச்சி என்று கேட்டால் தெரியாது. லாம்பு மாற்றினீர்களா என்று பொறுப்பானவரைக் கேட்டேன். இல்லையாம்.

ஏழாவது சனிக்கிழமை லப்டொப்பில் பார்த்தோம். மூன்று தலை ஒரு சின்னக் கண்ணாடிக்கு முன்னால். நடுவில் இருப்பவருக்குத்தான் நிறம் தெரியும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் நீலம். இவருக்குக் கழுத்துப் பிடித்தது. பாட்டு நடக்கும்போது மருமகனின் அழைப்பு வந்து படத்தை மூடியது. அவள் பேசிவிட்டு வரும்போது இவர் தூங்கிவிட்டார். "பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்று மகள் லப்டொப்பை மூடினாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. கனடாவுக்குப் போன பிறகு எல்லாவற்றுக்கும் அவள் இப்படித்தான் பரவாயில்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். குசினிக்குள் போய் அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கந்தோர் முடிந்து நேரே மத்திய வீதிக்குப் போனேன். ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு பெட்டியைக் காட்டித் தாருங்கள் என்றேன். பன்னிரண்டாயிரம் லூமன் என்று போட்டிருந்தது. மனதுக்குள் பாதியாக்கத் தொடங்கி, அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டதே என்று நிறுத்தினேன். பெட்டியைச் சந்தைப் பைக்குள் வைத்து, மேலே இரண்டு கட்டுக் கீரையையும் முருங்கைக்காயையும் பரப்பிக்கொண்டு ஐயாவின் படலையைத் தாண்டி வந்தேன். ஐம்பது வயதில் என் சொந்தக் காசில் வாங்கிய சாமானைக் களவுச் சாமான் மாதிரி ஒளித்துக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் பெட்சீற்றைக் கட்டினோம். விளக்கை அணைத்தோம். படம் வந்தது. வந்தது என்றுதான் சொல்லலாம். பகல் காட்சி பின்னேரம் போலவும், பின்னேரக் காட்சி கரிச்சட்டி போலவும் இருந்தது. இயந்திரத்துக்குள் இருந்த விசிறி மாவரைக்கிற சத்தம் போட்டது. கதாநாயகன் ஏதோ உருக்கமாகச் சொல்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. மகளும் தகப்பனும் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விறாந்தைக்கு வந்து கடைக்காரருக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மாத்தித் தரலாம் அக்கா. நாலு நாளிலை கொழும்பிலை இருந்து நல்லது ஒண்டு எடுத்துத் தாறன். ஆனால் கிளாக்கர் ஐயா பாத்துப் பிழையெண்டு சொல்லவேணும். அவர் சொன்னால் கொழும்புக்காரரும் கேப்பினம். நீங்கள் சொன்னால் கேக்கமாட்டினம்."

யாரிடம் ஒளித்தேனோ அவருடைய படலையிலேயே போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கீரையையும் சொன்னேன். அவர் கண்ணாடியையும் நாடாவையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல். இந்த மனுசன் பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே நாள் அதுதான். ஒன்றென்ன, பத்துப் பிழை கண்டுபிடிப்பார்.

ஹோல் வாசலில் நின்றார். உள்ளே இருட்டு. வாசலுக்குப் பக்கத்தில் மகளின் இரண்டு சூட்கேசுகள் நின்றன. அன்று மத்தியானம்தான் வீட்டுக்காரர் தராசில் தூக்கி நிறுத்து, இருபத்துமூன்று கிலோ என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார். ஐயா அந்தத் தாளைக் குனிந்து வாசித்தார். பிறகு ஒன்றைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

பாயில் தர்ஷினி தகப்பனின் முழங்காலில் சாய்ந்துகொண்டு இருந்தாள். அந்த மங்கலுக்குள் ஏதோ பகிடி நடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஐயா சுவரைக் கொஞ்சம் பார்த்தார், அவர்களைக் கொஞ்சம் பார்த்தார். கொப்பியைத் திறக்கவே இல்லை.

"என்ன ஐயா, எப்பிடி?" என்றார் இவர், எழும்பப் போனபடி.

"இருங்கோ, இருங்கோ. சரியாத்தான் இருக்கு. நல்ல சாமான்."

"உண்மையாவோ ஐயா!" இவருடைய முகம் அந்த இருட்டிலும் மலர்ந்தது. எனக்குத் தலையில் இடி விழுந்தது. அவர் திரும்பி நடந்துவிட்டார். நான் செருப்பும் போடாமல் பின்னால் ஓடி, அவரை எங்கள் படலையில் பிடித்தேன்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. மங்கல்தானே?"

"மங்கல்தான். பெட்டியிலை போட்டதிலை அம்பதிலை ஒரு பங்கு வராது. சத்தமும் கூட."

"பிறகேன் நல்ல சாமான் எண்டு சொன்னனீங்கள்? நாலு நாளிலை மாத்தித் தாறன் எண்டவர்!"

"நாலு நாள் எண்டு அவன் சொல்லுறது. ரெண்டு கிழமைக்கு முதல் வராது. வந்தாலும் நான் அதையும் திறந்து பாப்பன். அதுக்கிடையிலை பிள்ளை போயிடுவா."

"அதைத்தானே ஐயா நான் முதல் நாளே இந்தப் படலையிலை நிண்டு சொன்னனான்! பத்துச் சனிக்கிழமைதான் இருக்கு எண்டு தலைப்பாடா அடிச்சுச் சொன்னனான்!"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"சொன்னனீங்கள். நான்தான் இருபது எண்டு வைச்சனான்."

"என்ன?"

"விசா, டிக்கெட் எண்டால் எப்பவும் இழுபடும் பிள்ளை. மற்றது, தாய்மார் பயத்திலை குறைச்சுத்தான் சொல்லுவினம். அதாலை இருபது எண்டு எழுதிப்போட்டு அவசரப்படாமல் ஆறுதலாப் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப சூட்கேசைத் தூக்கினாப் பிறகுதான்..." என்று நிறுத்தினார். "பிழை விட்டிட்டன்."

ஏழு சனிக்கிழமை. தண்ணீர்த் தாங்கியும் இல்லை, மா மூட்டையும் இல்லை. என் பிள்ளை என் வீட்டில் இருக்கப்போகிற நாளை இந்த மனுசன் தன் கொப்பியில் இரண்டால் பெருக்கி வைத்திருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் உள்ளே கேட்கும். படலையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனி எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"இண்டைக்கு விட்டால் ரெண்டு."

"ரெண்டு" என்றார். தலையை ஆட்டினார்.

நான் போகாமல் நின்றேன். நாலு என்று சொல்வார், சொல்லட்டும் என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.